அண்ணன் எழுதிய ஒரே நாடகம்

ஜனவரி 9

பாப்பா,

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, உள்ளே நல்ல சேதி இருக்கிறது. நான் நாடகம் எழுதிவிட்டேன். பதினோரு நாவல் எழுதிய கை இருபத்திரண்டே நாளில் மூன்று அங்க நாடகத்தை எழுதி முடித்துவிட்டது. நேற்று மத்தியானம் கடைசி வரியைப் போட்டுவிட்டு எழுந்தேன், கால் தரையில் பாவவில்லை. உன் அண்ணியைப் பிடித்து உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் அவள் இரண்டு தடவை அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாவல் வாசித்தாலும் போவாள்.

பதிப்பாளரிடம் சொன்னதற்கு, "சார், நாவலே நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு" என்று இழுத்தார். அவருக்கு என்ன தெரியும்? நாவல் எழுதினால் வாசகன் எங்கேயோ ஒரு ரயில் பெட்டியில் உட்கார்ந்து எனக்குத் தெரியாமல் அழுதுவிட்டுப் போகிறான். நாடகம் என்றால் முந்நூறு பேர் என் கண்ணெதிரே அழுவார்கள். அதை நான் பார்க்கவேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் வந்த ஆசை, ஆட்டிப் படைக்கிறது.

கதை இதுதான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போன ஒருத்தி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவள் வேறு யாருமில்லை, நீதான். எழுதும்போது ஒவ்வொரு வரியும் உன் குரலில்தான் என் காதில் விழுந்தது. நீ மேடை ஏறி ஏழு வருஷம் ஆகிறது. நாடகக் குழுவை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஆட்டிவைத்தது போதும். நீ நடிக்கவேண்டும்.

ஐந்து வருஷமாக நீ என்னிடம் பேசுவதில்லை, போனை எடுப்பதில்லை. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. பிரதியைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் படி.

அண்ணன்

ஜனவரி 17

அண்ணா,

அதைப் பற்றி இப்போது எழுதவில்லை என்கிறாய். ஐந்து வருஷமாக நீ எழுதாமல் விட்டது அது ஒன்றைத்தான். மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அப்போது நாம் ஒரே ஊரில் இருந்தோம், மேடை நடுவில் எனக்கு வசனம் மறந்துபோனது. ராணி வேஷத்தோடு பின்கதவு வழியாக ஓடி, டவுன் பஸ் ஏறி, தலையில் கிரீடத்தோடு உன் வீட்டுக்கு வந்து அழுதேன். கண்டக்டர் பயந்துபோய் டிக்கெட்டே கேட்கவில்லை என்பது வரைக்கும் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். இரண்டு வருஷம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு நான் திரும்ப மேடை ஏற இருந்த நேரத்தில் உன் நாவல் வந்தது. ஏழாவது அத்தியாயத்தில் கிரீடம், கண்டக்டர், எல்லாம் இருந்தது. உனக்குப் பரிசு கிடைத்தது. எனக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. நாடகக்காரர்கள் நடுவில் இன்றைக்கும் நான் 'ஏழாம் அத்தியாயம்'தான். வசனம் மறக்காத நடிகை யாருமில்லை. ஊர் அதை மறந்திருக்கும். நீ மறக்க விடவில்லை.

உன் பிரதியைப் படித்தேன். இது நாடகம் இல்லை. ஆட்கள் பேசுவது பதினெட்டுப் பக்கம், மேடைக் குறிப்பு ஐம்பத்தொன்பது பக்கம். இரண்டாம் அங்கத்தில் அவள் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நானே அதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் நாடகம் பார்க்க வருகிறவர்கள் அதை எங்கே படிப்பார்கள்? 'பதினான்கு வருஷமும் அவள் முதுகில் தெரிகிறது' என்கிறாய். எந்த எலும்பில் தெரியவைப்பது?

முதல் அங்கத்தில் இரண்டு பேரும் சண்டை போடும் ஆறு பக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது. எங்கள் குழுவில் எல்லோருக்கும் உன் பெயர் மேல் ஒரு ஆசை. ஏப்ரலில் அரங்கம் பத்து நாள் காலி. போடலாம் என்கிறார்கள். சரி, நான் இயக்குகிறேன். நடிக்கமாட்டேன். குழுவில் ஒரு டீச்சர் இருக்கிறாள், அவள் செய்வாள்.

போன் பண்ணாதே. போனில் நீ பேசிக்கொண்டே இருப்பாய், நான் 'உம்' கொட்டவேண்டியிருக்கும். எழுது.

ஜனவரி 24

பாப்பா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திட்டுதான், இருந்தாலும் உன் கையெழுத்து. அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே சொல்லியிருக்கா" என்றாள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இல்லை.

ஏழாவது அத்தியாயத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணைப் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் பிடித்திருந்தது. எத்தனை கடிதம் வந்தது தெரியுமா? அதை நீ ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விடு, மேலே பேசினால் நீ மறுபடி ஐந்து வருஷத்துக்கு வாயை மூடிக்கொள்வாய்.

மேடைக் குறிப்பில் மட்டும் கை வைக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நடிகர்கள் அதை நன்றாகப் படித்துக்கொண்டால் போதும், முகத்தில் தானாக வந்துவிடும். அந்த ஜன்னல் இடத்தை எழுதும்போது நான் அழுதேன். எழுதியவன் அழுத இடத்தில் பார்க்கிறவன் அழாமல் எங்கே போவான்?

டீச்சரெல்லாம் வேண்டாம். டீச்சர் பேசினால் எல்லாம் பாடம் மாதிரி இருக்கும். யோசித்துப் பார்.

அண்ணன்

மார்ச் 5

அண்ணா,

ஒத்திகை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. உன் குறிப்புகளை நான் வெட்டவில்லை, அவை தாமாகவே விழுந்துகொண்டிருக்கின்றன. முதல் பக்கத்தில் 'மழை வரும்போல இருந்தது, ஆனால் வராது என்று அவளுக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். விளக்குப் போடுகிறவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, வர்ற மழைக்கு லைட்டு இருக்கு. வரும்போல இருந்து வராத மழைக்கு நான் என்னத்தப் போடறது?" என்றார். புருஷனாக நடிக்கிறவர் பகலில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், எதையும் சரிபார்க்காமல் கொடுக்கமாட்டார். 'அவன் மென்றுகொண்டிருந்தது சோற்றை அல்ல, கழிந்துபோன காலத்தை' என்ற இடத்தில் கையைத் தூக்கி, "அப்ப தட்டுல என்ன வைப்பீங்க?" என்று கேட்டார். நாங்கள் சிரித்து அடங்கக் கால்மணி ஆனது.

இதை எழுத உட்காரவில்லை. வேறு விஷயம். போன வெள்ளிக்கிழமை டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. சண்டைக் காட்சிக்கு ஆள் வேண்டுமே என்று நான் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மருந்துக்கடைக்காரர், "எதுக்கு வந்தே?" என்று கேட்டார். அது உன் வசனம். நான் பதில் சொன்னேன். அதுவும் உன் வசனம். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது பிரதி கீழே கிடந்தது, எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. முடிந்ததும் விளக்குக்காரர், "அக்கா, நீங்களே செஞ்சிருங்க" என்றார்.

செய்கிறேன் அண்ணா. டீச்சரிடம் கேட்டேன், அவளுக்கும் சந்தோஷம்தான். ராத்திரி பகலாக அந்தப் பெண்ணாகவே திரிகிறேன். பால் வாங்கப் போனால்கூட அவள் நடையில்தான் போகிறேன். பயமாகவும் இருக்கிறது. மறுபடி மறந்துபோனால் இந்த ஜன்மத்தில் மேடை இல்லை, அது எனக்குத் தெரியும்.

ஜன்னல் இடத்து நாலு பக்கத்தை எடுத்துவிட்டேன். போகிறேன், நிற்கிறேன், நாற்பது விநாடி, திரும்புகிறேன். ஒத்திகைக்கு நீ வரக்கூடாது. முதல் நாள் வா, மூன்றாவது வரிசை.

மார்ச் 9

பாப்பா,

அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவள் கண் கலங்கிவிட்டது. நாடகத்துக்கு அடுப்பைப் பார்க்கப் போனவள் இதற்கு அழுகிறாள்.

வெட்டு, எதை வேண்டுமானாலும் வெட்டு. புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன். பேப்பர்காரன், பல் டாக்டர், மாடிவீட்டுக்காரர் எல்லோருக்கும் தேதி சொல்லியாயிற்று. பதிப்பாளர் என்னோடு வருகிறார். முப்பத்து நாலு நாள் இருக்கிறது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாற்பது விநாடி போதுமா என்று மட்டும் ஒரு தடவை யோசி. நாலு பக்கம் ஆயிற்றே. சரி, சரி, வாயை மூடிக்கொள்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 13

பாப்பா,

உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என் இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் பக்கத்து ஆள் ஒரு மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒருத்தர் குறட்டை விட்டார், அதற்கு மேடையில் வசனம் எதுவும் குறுக்கே வரவில்லை. அப்புறம் சண்டை வந்தது. நீ பேச ஆரம்பித்ததும் மிட்டாய் நின்றது, குறட்டை நின்றது, அந்த முந்நூறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

இரண்டாம் அங்கத்தில் நீ ஜன்னல் பக்கம் போனாய். நின்றாய். பத்து விநாடி ஆனது. ஒருத்தர் இருமினார். எங்கேயோ ஒரு அம்மா, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், எழுதியவன் நான். இந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாதே. எப்போது எழுந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. "அவ இப்ப என்ன நினைக்கிறான்னா" என்று என் குரல் கேட்டது. அந்த நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். பாதிப் பக்கம் சொல்லியிருப்பேன், பதிப்பாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் கையைத் தட்டிவிட்டேன்.

அப்போது நீ திரும்பினாய். மேடை விளிம்புக்கு வந்து என்னைப் பார்த்து, "உக்காருங்க. நான் என்ன நினைக்கிறேன்னு இவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாய். அரங்கமே கை தட்டியது. நான் உட்காரவில்லை. பதிப்பாளர் காலை மிதித்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது, நீ ஓடியதும் இப்படித்தான். இதைத்தான் நான் அழகாக எழுதினேன்.

நான் போன பிறகு என்ன ஆயிற்று பாப்பா? பதிப்பாளர் என் போனை எடுக்கமாட்டேன் என்கிறார். வசனம் மறந்துபோனதா? என்னாலா? ஒரு வரி எழுது.

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணா,

மறந்துபோனது. உன்னால்தான்.

நீ கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாய், கைதட்டல் ஓய்ந்தது, நான் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன். அடுத்த வசனம் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே குளிர் முதுகில் ஏறியது. பின்கதவு எனக்கு ஆறு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. ஒரு கால் நகர்ந்தேவிட்டது. அப்போது ஒரு எண்ணம் வந்தது. நான் ஓடினால் அண்ணன் இதையும் எழுதிவிடுவான்.

அந்தக் கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் புருஷன் எதிரே உட்கார்ந்தேன். அவர் தட்டை என் பக்கம் இழுத்து ஒரு வாய் சாப்பிட்டேன். உன் பிரதியில் அப்படி எதுவும் இல்லை. அந்த மனுஷன் வெலவெலத்துப் போய், "நல்லா இருக்கா?" என்றார். நான், "உப்பே இல்ல" என்றேன். "பதினாலு வருஷமா அப்படித்தான் சாப்பிடறேன்" என்றார். அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அரங்கம் சிரித்தது, அப்புறம் கப்பென்று அடங்கியது. பதினோரு நிமிஷம் நாங்களாகவே பேசினோம். எதிரே ஆள் இருக்கிறார், தட்டு இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் வருகிறது. பேசப் பேச உன் மூன்றாம் அங்கத்து வசனம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினேன். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வணங்கிவிட்டு உள்ளே போய் அழுதேன், நல்ல அழுகை.

நாடகம் தோற்றுவிட்டது அண்ணா. மழுப்பமாட்டேன். அந்தப் பதினோரு நிமிஷத்தை இரண்டாம் நாள் திரும்பச் செய்துபார்த்தோம், வரவில்லை. உன் பிரதியையே செய்தோம், பாதிப் பேர் இடைவேளையில் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வந்தது இருபத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் மருந்துக்கடைக்காரரின் சொந்தக்காரர்கள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒருத்தர், "மூணாவது வரிசையில எந்திரிச்சுப் பேசுவாரே, அவரு இன்னைக்கு உண்டா?" என்று விசாரித்துவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனார். பத்திரிகையில் எழுதியதை நீயே பார்த்திருப்பாய், 'நாவலாசிரியர் நாவலுக்கே திரும்பட்டும்' என்று. நாலாம் நாள் நிறுத்திவிட்டோம்.

ஆனால் நான் நின்றேன். ஓடவில்லை. அடுத்த மாசமே இன்னொரு குழுவில் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இத்தனை சந்தோஷத்தில் அதைத் தேடி எடுக்க நேரமில்லை.

ஏப்ரல் 25

பாப்பா,

நீ நின்றாய் என்ற இடத்தை அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்குக் கண் மறைத்தது.

நாடகம் போனது போகட்டும். முதல் இரண்டு நாள் பத்திரிகைக்காரனுக்கு மனசுக்குள்ளேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. எனக்கு ஆட்களைப் பேசவிட்டுவிட்டுச் சும்மா இருக்க வராது. இது தெரிய ஐம்பத்தெட்டு வயது ஆயிற்று, முந்நூறு பேர் கைதட்டலும் தேவைப்பட்டது.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அந்த ராணி, அந்தப் பின்கதவு, ஆறு எட்டு, உப்பு, எல்லாம். நாலு நாளில் முப்பத்தொரு பக்கம். கை ஓயவே இல்லை. வாழ்நாளில் நான் இப்படி எழுதியதில்லை, இது தற்பெருமை இல்லை. பதிப்பாளர் மோப்பம் பிடித்துவிட்டு, "சார், நாளைக்கே அச்சுக்குக் குடுங்க" என்று நிற்கிறார். அவரிடம் ஒரு வரி காட்டவில்லை. அண்ணிக்கும் வாசிக்கவில்லை. இருப்பது ஒரே பிரதி, இத்துடன் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

போடலாமா? அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இன்றைக்குக் கேட்கிறேன்.

அண்ணன்

மே 3

அண்ணா,

படித்தேன். நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேண்டாம். நான் ஏழு வருஷம் பயந்து, ஒரு நாள் நின்று சம்பாதித்தது அது. அதைச் சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்வேன்.

நிஜமாகவே சொல்லப்போகிறேன், அதனால்தான் பதிலுக்கு இத்தனை நாள் ஆனது. உன் முப்பத்தொரு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு நான் ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். ஒரு நடிகை, அவள் அண்ணன் ஒரு நாவலாசிரியர். எல்லோர் மனசில் ஓடுவதையும் எழுந்து நின்று சொல்வான், தன் மனசில் ஓடுவதை மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டான். பட்டப்பெயர், பரிசு, ஒற்றைச் செருப்போடு ஓடியது, எல்லாம் வருகிறது. மருந்துக்கடைக்காரர்தான் நீ. நீ பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவாயே, அதை இப்போதே பழகிக்கொண்டு திரிகிறார், கடையில் வாடிக்கையாளர்கள் இருமல் மருந்து வேண்டுமா என்று அவரையே கேட்கிறார்கள்.

ஜனங்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு இடத்தில் உன்னை வெறுப்பார்கள். அந்த இடத்தை நான் மென்மையாக்கவில்லை. உன்னைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது நீதான் என்று தெரிந்துவிடும். ஒத்திகை தொடங்கவில்லை. நீ வேண்டாம் என்றால் இத்தோடு விட்டுவிடுவேன், அதற்காக உன் மேல் வருத்தம் வைக்கமாட்டேன். போடலாமா அண்ணா?

மே 12

பாப்பா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தடவை 'வேண்டாம்' என்று எழுதினேன். மூன்று தடவையும் அண்ணி தபால் பெட்டிவரை என்னோடு நடந்து வந்தாள், போடாமல் நான்தான் திரும்பிவந்தேன். பல் டாக்டர் பார்ப்பார், மாடிவீட்டுக்காரர் பார்ப்பார், அந்த ஓட்டத்தை மறுபடி எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. எனக்கு மூன்று நாள் யோசிக்க அவகாசம் இருந்தது. உனக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. காலையில் எழுந்தாய், புத்தகம் கடையில் இருந்தது.

நான் உனக்குத் துரோகம் செய்தேன். என்னை மன்னித்துவிடு. நல்ல அத்தியாயம் என்பதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பதிப்பாளரிடம் அடுத்த பதிப்பில் ஏழாவது அத்தியாயம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "ஆறுக்கு அப்புறம் எட்டு வருமா சார்? பரிசு வாங்கின புஸ்தகம் சார்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறுக்கு அப்புறம் எட்டுதான் வரும்.

நீ கேட்டதற்குப் பதில், போடு. வெறுக்கிற இடத்தையும் அப்படியே போடு. ஆனால் மேடை ஏறும் வரைக்கும் ஒரு வரியைக்கூட என் கண்ணில் காட்டாதே, காட்டினால் நான் திருத்திவிடுவேன்.

அண்ணன்